15 படங்களுக்கு எதை எடுப்பது, எதை விடுவது

முதுகலை ஓவியப் படிப்புக்கு விண்ணப்பிக்க 15 படங்கள் கேட்டிருக்கிறார்கள். ஆனி முடிவதற்குள் அனுப்பியாக வேண்டும். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியப் பிரிவில் இந்தச் சித்திரையோடு என் படிப்பு முடிந்தது. அறையைக் காலி செய்து, நாலு வருடத்துப் படங்களையும் பாபநாசம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து கூடத்தில் பரப்பினேன். கால் வைக்க இடமில்லை. இரண்டு நாளாக அம்மா அடுப்படிக்குக் கொல்லைப் பக்கமாகச் சுற்றித்தான் போய் வருகிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பரப்பிய பிறகு படங்கள் தாமாகவே நாலு குவியலாகப் பிரிந்தன. ஆயில் கேன்வாஸ் 11. நீர்வண்ணம் 30-க்கு மேல். பேனாவால் வரைந்த நோட்டுகள் 14. கோயில் சுவரோவியங்களைப் பார்த்து வரைந்த பிரதிகள் 20. இவை போக, பருவக் கட்டணம் கட்டுவதற்காக ஒரு பட்டறையில் செய்து கொடுத்த தஞ்சாவூர் ஓவியப் பலகைகளின் போட்டோக்களும் செல்போனில் இருக்கின்றன. அவற்றைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பலகையில் கோடு போட்டது பட்டறைக்காரர். மக்குப் பசை வைத்துப் புடைப்பு எழுப்பியது, தங்க ரேக் ஒட்டியது, கல் பதித்தது என் வேலை. அந்த வேலையில் எனக்குப் பெருமை உண்டு, ஆனால் அந்தப் படங்களை என் படங்கள் என்று சொல்லி அனுப்ப முடியாது.

கூடப் படித்தவர்களிடம் கேட்டால் எல்லோரும் ஒரே யோசனைதான் சொல்கிறார்கள்: ஒவ்வொன்றிலும் மூன்று நாலு போடு, எல்லாம் தெரியும் என்று காட்டு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 15 படங்களை அப்படி எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்து, வாசலில் போய் நின்று பார்த்தேன். நாலு பேர் சேர்ந்து வைத்த கண்காட்சி மாதிரி இருந்தது. விண்ணப்பங்களைப் பார்க்கிறவர் ஒரு ஆளின் படங்களுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பார்? அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இந்தப் பெண் எதைப் பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு குவியலையும் எடுத்துவைத்து ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். இதை வரையும்போது நான் என்ன பார்த்தேன்? பார்த்தது படத்தில் இருக்கிறதா?

ஆயிலில் இருந்து தொடங்கினேன், ஏனென்றால் எல்லோருக்கும் பிடித்தது அதுதான். மகாமகக் குளத்துப் படித்துறை, குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களில் மூன்று, தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் தேர் மண்டபம், அந்தி வெயிலில் கோபுரம். தாராசுரம் படம் நாலடிக்கு மூன்றடி. இறுதியாண்டுக் கண்காட்சியில் அதன் முன்னால்தான் கூட்டம் நின்றது, செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வருகிறவர்களும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். கல்லின் நிறம் நன்றாக வந்திருக்கிறது. எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, நிழலுக்குக் கொஞ்சம் அல்ட்ராமரைன் என்று மூன்று வாரம் அடுக்கடுக்காகப் போட்டேன். ஒரு அடுக்கு காய்ந்தால்தான் அடுத்தது போட முடியும் என்பதால் பொறுமை பழகியது. ஆயில் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

ஆனால் கூடத்தில் சாய்த்து வைத்திருந்த இரண்டாம் நாள் ஒன்று கண்ணில் பட்டது. மண்டபத்துத் தூண்கள் மேலே போகப்போக உள்ளே சாய்கின்றன. லேசாகத்தான், ஆனால் எல்லாத் தூண்களும். கீழே நின்று செல்போனை அண்ணாந்து பிடித்து எடுத்த போட்டோவில் அப்படித்தான் விழும். நேரில் நிற்கும்போது கண்ணுக்குத் தூண் நேராகத்தான் நிற்கும். நான் போட்டோவைப் பார்த்துக் கேன்வாஸில் கட்டம் போட்டு வரைந்தேன், சாய்வையும் சேர்த்து வரைந்துவிட்டேன். தாராசுரம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். நாலு வருடத்தில் அந்த மண்டபத்தின் முன்னால் உட்கார்ந்து ஒரு கோடு போட்டதில்லை. ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து சிற்பங்களைப் பேனாவால் வரைந்தவர். அவர் படத்தில் ஒரு தூணைப் பார்த்தால் அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லிவிடலாம். என் படத்தைப் பார்த்தால் போன் எங்கே இருந்தது என்றுதான் சொல்ல முடியும்.

ஆயிலில் இன்னொரு தொல்லை, அனுப்புவது. போட்டோ எடுத்தால் மினுமினுப்பு அடிக்கிறது. வெளிச்சத்துக்குத் திருப்பினால் ஒரு ஓரம் வெள்ளையாகிறது, சாய்த்தால் படம் கோணுகிறது. போன ஐப்பசி மழையில் இரண்டு கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சையும் பிடித்துவிட்டது. அதைத் துடைத்து வெயில் படாத இடத்தில் காற்றாட வைத்திருக்கிறேன்.

சரி, சுவரோவியப் பிரதிகள். இவற்றை விடுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. திருவாரூர் தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை பட்டை பட்டையாக ஓடுகிறது. குரங்கு முகத்தோடு ராஜா, படை, வாத்தியக்காரர்கள், ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் குறிப்பு. கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்துக் குறித்துக்கொண்டு வந்து, அறையில் வைத்து வரைந்தவை அந்தப் பிரதிகள். அங்கே கோடுதான் ராஜா. சிவப்புப் பின்புலத்தில் ஒரு உருவத்தைத் தனியாக எடுத்துக் காட்டுவது நிழல் இல்லை, வெளிக்கோடு மட்டும்தான்.

தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் காலச் சுவரோவியங்களை நான் படங்களாகத்தான் பார்த்திருக்கிறேன். கருவறையைச் சுற்றிய உள் நடையில் இருப்பதால் எல்லோரையும் உள்ளே விடுவதில்லை. நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்த அந்த ஓவியங்களை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். ஈரச் சுண்ணாம்பின் மேல் வரைந்தவை என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். சாந்து காய்வதற்குள் கோடு விழுந்துவிட வேண்டும், விழுந்த கோட்டை எடுக்க முடியாது. அதைக் கேட்ட அன்றைக்குத்தான் பென்சிலையும் ரப்பரையும் வைத்துவிட்டுப் பேனாவுக்கு மாறினேன். அந்த வகையில் என்னிடம் உள்ள 14 நோட்டுகளுக்கும் அந்தச் சுவர்தான் காரணம்.

பிரதிகளில் கோடு நன்றாக வந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கோட்டின் முடிவுகளை எடுத்தவர் வேறொருவர். இடுப்பு எங்கே வளைய வேண்டும், கண் காதுவரை நீள வேண்டுமா என்பதையெல்லாம் அவர் தீர்மானித்துவிட்டார். நான் அவர் பின்னாலேயே போனேன். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 15-இல் பாதியை அதற்குக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை.

நீர்வண்ணக் குவியலில்தான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் எங்கள் ஊரும் குடமுருட்டிக் கரையும். இரண்டாம் வருடத்திலிருந்து சனி ஞாயிறுகளில் வரைந்தவை, பின்னால் தேதி போட்டிருக்கிறேன். நீர்வண்ணம் காற்றைப் பொறுத்தது. சித்திரை வைகாசியில் தூரிகை தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போவதற்குள் பாதி காய்ந்து கோடு விழும். ஐப்பசி கார்த்திகையில் ஒரு மணி நேரம் ஆனாலும் காயாது, வானம் வயலுக்குள் வழிந்துவிடும். அந்த வழிசலை வைத்தே சில படங்கள் அழகாக அமைந்திருக்கின்றன. 300 ஜிஎஸ்எம் கனத் தாள் வாங்கிய பிறகு வரைந்தவை இன்னும் சமமாகக் கிடக்கின்றன. அதற்கு முந்தைய மெல்லிய தாள்கள் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டன. இரண்டு தாள்களில் ராமபாணப் பூச்சி ஓரத்தைத் தின்றிருக்கிறது, அம்மா வசம்புத் துண்டுகளைப் போட்டு வைத்திருக்கிறாள்.

தேதி வாரியாக அடுக்கியபோதுதான் பச்சை கண்ணில் பட்டது. ஜூலைப் படத்திலும் அதே பச்சை, செப்டம்பர்ப் படத்திலும் அதே பச்சை. சாப் கிரீன் ட்யூப், அதில் கொஞ்சம் மஞ்சள். நாற்றங்காலுக்கும் அதுதான், நட்ட வயலுக்கும் அதுதான், கதிர் உள்ளே திரண்டு பொதி கட்டிய பயிருக்கும் அதுதான். டெல்டாவில் பிறந்து வளர்ந்தவள் நான். பயிரின் பச்சை வாரத்துக்கு வாரம் மாறும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வரையும்போது வயலைப் பார்க்கவில்லை, 'வயல்' என்ற சொல்லுக்கு என்ன நிறமோ அதைப் போட்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்தார். ஆறு மா நிலம் குத்தகைக்குப் பார்க்கிறார். படங்களை நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டக் காட்ட, "நல்லாருக்கும்மா, நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு படத்தில் நின்றுவிட்டார். கையில் வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"இது நட்டு நாலு நாளு இருக்கும்ல? இன்னும் பச்சை புடிக்கல."

பின்னால் தேதியைப் பார்த்தேன். எங்கள் வயலில் குறுவை நட்டு ஐந்தாம் நாள் வரைந்தது. நாற்றைப் பிடுங்கி நட்டால் முதல் சில நாள் பயிர் வெளுத்துத் துவண்டு நிற்கும், வேர் பிடித்த பிறகுதான் நிமிரும். அதைத்தான் 'பச்சை பிடிக்கிறது' என்பார்கள். அந்தப் படத்தில் பச்சையே குறைவு. சேற்றுத் தண்ணீரில் வானத்தின் சாம்பல் நிறம், அதற்குள் வெளிறிய மஞ்சள் கீற்றுகள். அன்றைக்கு சாப் கிரீன் தீர்ந்துபோயிருந்தது, இருந்த மஞ்சளையும் நீலத்தையும் கலந்து கலந்து பார்த்துப் போட்டது எனக்கு இப்போது நினைவுக்கு வருகிறது. கலக்க வேண்டியிருந்ததால் பார்த்திருக்கிறேன்.

மறுபடியும் எல்லாவற்றையும் அப்பாவிடம் காட்டினேன். இந்த முறை, "பயிருக்கு எத்தனை நாள்னு சொல்லுங்கப்பா" என்று கேட்டுக்கொண்டே காட்டினேன். 30-க்கு மேலான படங்களில் மூன்றில் மட்டும் அவரால் சொல்ல முடிந்தது. மீதியைப் பார்த்து, "இது சும்மா வயலு" என்றார். அதைவிடச் சரியான விமர்சனத்தை நாலு வருடத்தில் நான் கேட்டதில்லை. அந்த மூன்றும் போகும், மற்றவை இங்கேயே இருக்கும் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

கடைசியாகப் பேனா நோட்டுகள். இவற்றை நான் படங்கள் என்றே நினைத்ததில்லை. கருப்பு ஜெல் பேனா, கோடு போடாத சாதாரண நோட்டு. பஸ் ஸ்டாண்டில், வெற்றிலை மண்டியில், வரப்பில், எங்கே நேரம் கிடைத்தாலும் வரைந்தவை. மை பின்பக்கம் ஊறித் தெரிகிறது. மழையில் நனைந்த நோட்டும் ஒன்று இருக்கிறது. வண்ணம் கிடையாது, பெரிய அளவு கிடையாது. ஒரு விண்ணப்பத்தில் இவற்றை முன்னால் வைத்தால் 'இந்தப் பெண்ணுக்கு வண்ணம் வராது போல' என்று நினைக்க வாய்ப்பு இருக்கிறது. அந்த பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆனால் கோட்டோவியத்தைத் தொடக்கப் பயிற்சி என்று தள்ளுவது எனக்கு ஒப்பவில்லை. பத்திரிகை ஓவியர் கோபுலு எங்கள் கல்லூரியில் படித்துப் போனவர். ஒரு மனிதர் எந்த ஊர், என்ன தொழில் என்பது கோபுலு போட்ட முதுகு வளைவிலேயே தெரியும். ஓவியர் கே.எம். ஆதிமூலம் 1969 காந்தி நூற்றாண்டையொட்டி காந்தியை வரிசையாகக் கோட்டோவியங்களில் வரைந்தார். அந்தக் கோடுகளில் காந்தி நடக்கிற வேகம்கூட இருக்கிறது. இந்த மண்ணில் கோட்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. விண்ணப்பத்தைப் பார்க்கிறவருக்கும் அது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நோட்டுகளில் ஒரு திருப்பம் நடந்த பக்கம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். மூன்றாம் வருடம், ஒன்பதாவது நோட்டு. பக்கத்துத் தெருவில் ஒரு சித்தி நடவுக்குப் போகிறவர். அவருடைய ஆட்கள் நடும்போது வரப்பில் உட்கார்ந்து ஆறேழு பக்கம் வரைந்தேன். சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, குனிந்த முதுகு, முழங்கால் வரைக்கும் சேறு, பின்னாலேயே நகர்ந்து போகிற வரிசை. எனக்கே பிடித்திருந்தது. டீ குடிக்கக் கரையேறியபோது காட்டினேன். சித்தி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் போட்டிருக்க பாப்பா. என் கையக் காணோமே?"

"கை தண்ணிக்குள்ள இருக்கு சித்தி."

"நடுறது அதுதான பாப்பா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரி முந்தைய எட்டு நோட்டுகளையும் எடுத்துப் புரட்டினேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். பூக்கட்டுகிற அம்மாவின் கை கூடைக்குள். வெற்றிலை அடுக்குகிறவரின் கை கவுளிக் கட்டுக்குப் பின்னால். டீ ஆற்றுகிறவருக்கு மட்டும் கை இருந்தது, அதுவும் மணிக்கட்டுக்கு மேலே மங்கலாக. எல்லோரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள், யாருக்கும் விரல் இல்லை. வரையத் தெரியாததை எது மறைக்குமோ அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். எட்டு நோட்டு வரைக்கும் அது எனக்கே தெரியவில்லை. திருவாரூர்ப் பிரதிகளில் கை நிறைய இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தேன். இருந்தது. ஆனால் அவை பேசுகிற கைகள், முத்திரை பிடிக்கிற கைகள். நாற்று நடுகிற கை அதில் கிடைக்காது.

அதற்கப்புறம் ஒன்பதாம் நோட்டின் பாதியிலிருந்து பதினாலாம் நோட்டு வரைக்கும் கைதான். சுவாமிமலையில் ஒரு பட்டறையில் சிலை வார்ப்பதற்கு மெழுகு உரு செய்கிறவர் பக்கத்தில் உட்கார அனுமதித்தார். வலது கை சூடு ஏற்றிய சின்னக் கருவியால் மெழுகை இழைக்கும். இடது கை உருவத்தைத் தொட்டும் தொடாமலும் பிடித்திருக்கும். அழுத்தினால் மெழுகு நசுங்கும், விட்டால் விழும். அந்த இடது கையை வரைய எனக்கு 11 பக்கம் ஆனது. முதல் நாலு பக்கத்தில் அது எதையோ இறுக்கிப் பிடித்திருக்கிற கை. ஏழாம் பக்கத்தில் கட்டைவிரலை மட்டும் மூன்று முறை பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் விரலுக்கும் மெழுகுக்கும் நடுவே கோடு ஒரு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் அந்தப் பிடி இருக்கிறது. அது திட்டம் போட்டு விட்டதல்ல, பார்த்துக்கொண்டே போட்டபோது பேனா தானாக நின்றது. நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு கடைகிறவர் கை வேறு மாதிரி. அங்கே தோளிலிருந்து வருகிற பலத்தை மணிக்கட்டு வாங்கிக்கொள்ளும், விரல்கள் திசையை மட்டும் பார்த்துக்கொள்ளும். கோடு அங்கே தடிக்கிறது. ஒரே பேனாதான்.

அனுப்புகிற வசதியிலும் நோட்டுதான் முந்துகிறது. பாபநாசம் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்தால் கோடு அப்படியே வருகிறது. நீர்வண்ணத்தை மட்டும் காலை எட்டு மணிக்குத் திண்ணை நிழலில் தாளுக்கு நேராகப் போனைப் பிடித்து எடுக்க வேண்டும். வெயிலில் எடுத்தால் வெளிறிய பூச்சு எல்லாம் காணாமல் போகிறது. அப்பா நாள் சொன்ன படத்தை ஒன்பது முறை எடுத்தேன், அந்த மஞ்சள் கீற்று தெரிகிறவரைக்கும்.

இப்போதைக்குக் கணக்கு இப்படி நிற்கிறது. பேனா 10, நீர்வண்ணம் 3, திருவாரூர்ப் பிரதி 1. ஆயில் ஒன்றுகூட இல்லை. தாராசுரத்தை எடுத்துவிட்டேன் என்றதும் கூடப் படித்த தோழி போனிலேயே சண்டை போட்டாள். "அதுதான்டி உன்னோட பெஸ்ட்" என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரிய வேலையைச் செய்து முடிக்கத் தெரியும் என்பதற்கு என்னிடம் உள்ள சாட்சி அது ஒன்றுதான். நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, ஆயில் இருக்கிறதா என்று கேட்டால் காட்டுகிறேன், தூண் ஏன் சாய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு வேளை அதற்குள் தாராசுரம் போய் உட்கார்ந்து மறுபடி வரைந்துமிருப்பேன்.

வரிசையும் போட்டுவிட்டேன். முதலில் சித்தி கேள்வி கேட்ட பக்கம், கை இல்லாத நடவுப் படம். அதை விட்டுவிடலாம் என்று முதலில் தோன்றியது. ஆனால் அது இல்லாமல் பின்னால் வருகிற கைகள் ஏன் வந்தன என்று புரியாது. அடுத்து பேசுகிற கைகள் உள்ள பிரதி. பிறகு சுவாமிமலை, நாச்சியார்கோயில், வெற்றிலை மண்டி. கடைசியில் மூன்று வயல்.

பதினைந்தாவது இடம் காலியாக இருக்கிறது. மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை, ஆனால் பம்புசெட் இருக்கிறவர்கள் முன்னாலேயே நாற்று விட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை சித்தி நாற்றுப் பறிக்கப் போகிறார். பறித்த நாற்றை வேரில் சேறு போகத் தண்ணீரில் அலசிச் சிறு கட்டாக முடி போடும்போது கை மேலே இருக்கும். விடிகாலை ஐந்தரைக்கே வந்துவிடச் சொல்லியிருக்கிறார்.